முதல் சனிக்கிழமை முடிவெட்டு

அத்தியாயம் 14

கொழுந்தனின் காதைத் திருகிக்கொண்டிருந்த அண்ணியைப் போன வாரம் சமையலறையிலேயே விட்டுவிட்டு வந்தோம். ஏழு நாள் ஆகியும் அந்தக் காது இன்னும் வலிக்கிறது என்று சின்னவன் வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். நம்பாதீர்கள். அவள் திருகியது வலது காது, அவன் தேய்த்துக்கொண்டு அலைவது இடது காது.

திருகியதில் தப்பே இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால், பதினேழு வயசில், இவனுக்குக் கிரிப்டோவில் காசு போடும் ஆசை வந்தது. கணக்குத் தொடங்கப் பதினெட்டு ஆகியிருக்க வேண்டும். அண்ணிக்குப் பதினெட்டு ஆகி வெகுநாளாயிருந்தது. டிரைவிங் ஸ்கூல் காரின் பானட்டில் ஒரு தாளை விரித்து, "போன் கனெக்‌ஷனுக்கு அண்ணி, இங்க ஒரு கையெழுத்து" என்றான். ரிவர்ஸில் போய்க் குப்பைத்தொட்டியை இடித்த மாணவியைத் திட்டிக்கொண்டிருந்த அண்ணி, திட்டுவதை நிறுத்தாமலே போட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் பேரில் ஒரு கிரிப்டோ கணக்கு ஓடுகிறது. அது அவளுக்குத் தெரிந்ததே போன வாரம்தான்.

அவள் வீட்டுக்காரருக்கு மட்டும் ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே தெரியும். அவர் லிஃப்ட் மெக்கானிக். கையில் பிடித்துப் பார்க்க முடியாத எதையும் நம்பாதவர். கணக்குத் தொடங்கி ஒரு வருஷம் இருக்கும், தம்பி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த கட்டம் போட்ட க்யூஆர் கோடு தாளைப் பார்த்து, என்ன இது என்று கேட்டார். போனைக் காட்டினால் கணக்கில் காசு ஏறும் என்றான். "காத்துக் காசுக்கு என் வீட்டு ஃபிரிட்ஜா?" என்று தாளைப் பிய்த்தெடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். "இனிமே ஒரு பைசா போட மாட்டேன்" என்று சின்னவனும் சபதம் போட்டான். எதற்குச் சண்டை என்று அண்ணி கேட்டதற்கு, அண்ணன் தம்பி ரெண்டு பேருமே, "ஒண்ணுமில்ல" என்றார்கள். அதுதான் அவர்கள் ஒன்றாகச் சொன்ன கடைசி வார்த்தை. ஆறு வருஷமாக ஒரே மேஜையில் சாப்பிட்டும் நேருக்கு நேர் பேச்சில்லை.

இன்றைக்குக் காலையிலும் அப்படித்தான்.

"உன் கொழுந்தன்கிட்ட சொல்லு. காத்துக் காசை நம்பி யாருக்கும் வாக்குக் குடுக்க வேணாம்னு."

"அண்ணி, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. வாக்குக் குடுத்தாச்சு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அட்வான்ஸ்."

"நான் என்ன ரெண்டு பேருக்கும் நடுவுல கியர் ராடா?" என்றாள் அண்ணி. "ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுக்கறீங்க!"

சின்னவன் எட்டு வருஷமாக வேலை பார்க்கும் சைக்கிள் ரிப்பேர் கடையின் முதலாளி, மகள் வீட்டோடு போகிறார். கடையை இவனுக்கே கொடுக்க அவருக்கு ஆசை. ஆனால் போன் கவர் விற்கிற ஒருவன் முழு அட்வான்ஸையும் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறான். "இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் உனக்காகக் காத்திருப்பேன், அதுக்கு மேல என்னால முடியாதுப்பா" என்று முதலாளி சொல்லிவிட்டார். சின்னவனின் சேமிப்பு பாதிக்கு வரும். மறுபாதி அந்தக் கணக்கில் இருந்து வந்தாக வேண்டும். ஒரு வருஷம் போட்ட காசு இத்தனை நாளில் எவ்வளவு ஆகியிருக்கும் என்று அவனுக்கும் தெரியாது. பழைய போன் தொலைந்தபோது பாஸ்வேர்டும் அதோடு தொலைந்துவிட்டது.

புதுச் சட்டம் வந்ததுதான் அதிர்ஷ்டம். பழைய ஆப்கள், தெருமுனை ரீசார்ஜ் கடைகள் எல்லாவற்றிலும் இந்த வியாபாரத்தை மூடிவிட்டு, கணக்குகளையெல்லாம் உரிமம் வாங்கிய மாற்று மையங்களுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பாஸ்வேர்டு வேண்டாம், கணக்கு யார் பேரில் இருக்கிறதோ அவர் முகத்தைக் காட்ட வேண்டும். காசு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் அன்றைக்கே பணமாகக் கொடுப்பார்கள்.

வீட்டுக்காரர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலை உடைத்துக்கொண்டு ரெண்டு மாசம் மாவுக்கட்டோடு கிடந்ததில் இருந்து, எழுந்திருக்கும்போது ஒரு முனகல் வரும். கண்ணாடி முன்னால் நின்று தலையில் மிச்சமிருக்கும் கொஞ்சம் முடியை அக்கறையாகச் சீவினார்.

"நாளைக்கு முதல் சனிக்கிழமை. முடிவெட்டுக்குப் போவீங்கள்ல? வர லேட்டாகுமா?" என்று கேட்டாள் அண்ணி.

"இல்ல" என்றார். "இனிமே மாசாமாசம் வேணாம்." முகத்தைப் பார்த்தால் ஏதோ கை ஒடிந்ததுபோல் இருந்தது. முடிவெட்டாததற்கு ஒரு மனுஷர் இவ்வளவு வருத்தப்படுவாரா என்று நினைத்தபடி அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த மாமனார் எதிலும் தலையிடவில்லை. தொழிற்சாலை வாசலில் முப்பத்திரண்டு வருஷம் வாட்ச்மேன். யார் உள்ளே போனார், யார் வெளியே வந்தார் என்று எல்லாம் பார்த்து, யாரிடமும் எதுவும் சொல்லாமலே பென்ஷன் வாங்கிவிட்டவர். காது மந்தம் என்பார். அவருக்கு வேண்டிய விஷயம் என்றால் அடுத்த வீட்டில் குசுகுசுத்தாலும் விழும்.

"மாமா, இந்தக் கிரிப்டோ விஷயம் உங்களுக்காவது தெரியுமா?"

"எனக்கு போனை ஆஃப் பண்ணவே தெரியாதும்மா" என்றார் மாமா.

*

"போன்லயே முடிச்சிடலாம் அண்ணி. மூணு நிமிஷ வேலை" என்றான் சின்னவன். "கேமராவைப் பார்த்து, கேக்கறதுக்குப் பதில் சொல்லணும். ஆனா நீங்க தனியா இருக்கணும். யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ காசை வாங்கிடக் கூடாதாம்."

ரெண்டு அறை வீட்டில் தனிமைக்கு எங்கே போவது? ஒரு பக்கம் மாமாவின் ரேடியோ, இன்னொரு பக்கம் பக்கத்து வீட்டு டிரில்லிங் மிஷின். அதனால் அண்ணி தன் டிரைவிங் ஸ்கூல் காரைத் தெருவோரம் நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். பதினாறு வருஷமாக அவள் குடியிருக்கிற இடம் அது. சின்னவனை நாற்பதடி தள்ளி நிற்க வைத்தாள்.

போன் பேசியது. "வணக்கம். கேமராவை நேராகப் பாருங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள்."

சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் கண் மேலே இருந்த கண்ணாடிக்குப் போய் வந்தது.

"உங்கள் பார்வை வேறு பக்கம் செல்கிறது. அருகில் இருப்பவரை வெளியேறச் சொல்லுங்கள்."

"யாரு அருகில? நான் மட்டும்தான் இருக்கேன்!"

மறுபடி ஆரம்பித்தது. கணக்கு எப்போது தொடங்கியது என்று கேட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு ஸ்கூட்டர் பின்னால் இருந்து வந்தது. கண் இடது கண்ணாடிக்கு, அங்கிருந்து வலது கண்ணாடிக்கு, திரும்பி மேலே. அவளாகச் செய்யவில்லை. அஞ்சு நொடிக்கு ஒரு தரம் கண்ணாடி பார் என்று ஆயிரக்கணக்கான பேருக்குச் சொல்லிச் சொல்லி, அவள் கண் அவள் பேச்சைக் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டது.

"யாரோ உங்களுக்குச் சைகை காட்டுவதாகத் தெரிகிறது. இரண்டாவது முயற்சி ரத்து."

"அண்ணி, அசையாம பாருங்க!" என்று சின்னவன் அங்கிருந்தே கத்தினான்.

"டேய், நீ வாயை மூடு! உன் சத்தத்தைக் கேட்டுடும்!"

மூணாவது தடவை அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தாள். பார்த்தால்தானே கண் ஓடும்? பேசாமல் இறுக மூடிக்கொண்டு பதில் சொன்னாள்.

"உயிருள்ள நபர் என்று உறுதி செய்ய இயலவில்லை" என்றது போன். "மாலை மூன்று மணிக்குள் நேரில் வரவும்."

அண்ணி அந்தப் போனைப் பார்த்த பார்வையில், அதற்கு நிஜமாகவே உயிர் இருந்திருந்தால் போயிருக்கும்.

*

மாற்று மையம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. டோக்கன் எண் அறுபத்தெட்டு. பிளாஸ்டிக் நாற்காலிகளில், ஏதோ தப்புப் பண்ணிவிட்டு ஹெட்மாஸ்டர் ரூமுக்கு வெளியே நிற்பவர்கள்போல் ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. சின்னவன் நிமிஷத்துக்கொரு தரம் கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஒன்றே முக்கால்.

"அண்ணி, கணக்கை யாரு ஆரம்பிச்சாங்கன்னு கேட்டா, நான்தான்னு சொல்லிடுங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் இல்ல அண்ணி. கையெழுத்து உங்களோடதுதானே?"

"இன்னொரு காது பாக்கி இருக்குடா உனக்கு."

டோக்கன் எண் வந்ததும் அவளை மட்டும் உள்ளே விட்டார்கள். மெல்லிய பலகைத் தடுப்பு வைத்த சின்ன அறை. சரிபார்ப்பு அதிகாரி நடுவயதுப் பெண்மணி. ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்திருந்தது. அவருக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பீரோ. அந்தக் கண்ணாடியில் வாசல், நடை, டோக்கன் மிஷின், சின்னவனின் ஆடும் கால் எல்லாம் அப்படியே தெரிந்தன. அண்ணியின் கண் அங்கே ஓடியது. இங்கேயுமா?

"யாரையோ பார்த்துட்டே இருக்கீங்களே" என்றார் அதிகாரி, ரெண்டாவது கேள்விக்குள்ளேயே. குரலை இறக்கினார். "பயப்படாம சொல்லுங்க. வெளியில இருக்கற அந்தப் பையன் உங்களை மிரட்டிக் கூட்டிட்டு வந்தானா?"

"அவனா? என்னையா?" அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "மேடம், அவனை மிரட்டி மிரட்டிப் பல்லு தேய்க்க வெச்சவ நான். டிரைவிங் சொல்லிக்கொடுக்கறேன் மேடம், கண்ணாடியைப் பார்த்தா கண்ணு தானா போகுது. காலையில போன் மூணு தரம் பாத்துட்டு என்னைச் செத்தவன்னு சொல்லிடுச்சு."

"எங்க, ஒரு நிமிஷம்." அதிகாரி எழுந்து பீரோவின் மேல் தன் சால்வையை விரித்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். "இப்ப சொல்லுங்க. கணக்கை நீங்கதான் ஆரம்பிச்சீங்களா?"

அண்ணிக்குப் பொய் வராது. பிரேக் பிடிக்க மறந்தவனிடம், நன்றாக ஓட்டினாய் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. பானட், குப்பைத்தொட்டி, போன் கனெக்‌ஷன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "காசு அவனோடது மேடம். எனக்கு அதுல ஒரு பைசா வேணாம், அவனுக்கே குடுத்துடுங்க. தப்புன்னா என்னைக் கேளுங்க."

அதிகாரி தும்மினார். "இந்த மாசம் இங்க வர்றவங்கள்ல பாதிப்பேர் கதை இதுதான். உண்மையைச் சொன்னா ஒரு தடவை மன்னிச்சு விடச் சொல்லியிருக்காங்க. கணக்கைப் பார்ப்போம்."

திரையைப் பார்த்தவர் ஒரு தொகையைச் சொன்னார். அண்ணி மறுபடி கேட்டாள். அவர் மறுபடி சொன்னார். பாதி அட்வான்ஸ் என்ன, முழு அட்வான்ஸையும் கட்டி, கடைக்குப் புது ஷட்டரும் போட்டுவிடலாம். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து போய்ச் சின்னவனைக் கட்டிக்கொள்ளலாமா என்று யோசித்தாள்.

"உக்காருங்க" என்றார் அதிகாரி. "இதுல அவன் போட்டது முதல் ஒரு வருஷம்தான். அதுக்கப்புறம் ஆறு வருஷமா, மாசாமாசம் ஒரே தொகை வந்திருக்கு. எழுபத்திரண்டு தடவை. ஏதோ ரீசார்ஜ் கடையில கையில பணமாக் கட்டியிருக்காங்க. பேர் இல்ல. யாரு இவங்க?"

"தெரியாது மேடம்."

"தெரியாதுன்னா கஷ்டம்மா. ஒண்ணு ரெண்டு வரவுக்குப் பேர் தெரியலன்னா அதை மட்டும் நிறுத்தி வெப்போம். ரெண்டுக்கு மேல போனா மொத்தக் கணக்கையும் தொண்ணூறு நாள் நிறுத்தணும். ரூல் அப்படி. என் கையில இல்ல."

கையில் வந்த கடை அப்படியே வழுக்கிக்கொண்டு போவதை அண்ணி பார்த்தாள். தொண்ணூறு நாளைக்கு அந்தப் போன் கவர்காரன் காத்திருப்பானா? மணி இரண்டே கால். வெளியே அந்தப் பையன் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"எந்தக் கடை மேடம்? அட்ரஸ் இருக்கா?"

அதிகாரி படித்தார். அண்ணி கண்ணை மூடி, மனசுக்குள் காரை ஓட்டிக்கொண்டு போனாள். சிக்னல் தாண்டி இரண்டாவது இடது. ஒருவழிப் பாதை. வலது பக்கம் பார்க்கிங் கிடையாது. ஸ்பீட் பிரேக்கருக்கு எதிரே ஒரு ரீசார்ஜ் கடை. அதை ஒட்டினாற்போல் சிவப்பு நாற்காலி போட்ட ஒரு சலூன்.

சலூன்.

"மேடம், இந்தப் பணம் கட்டினது... முதல் சனிக்கிழமையா?"

அதிகாரி ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். "ஆமா. சனிக்கிழமைதான். சாயங்காலம் ஏழு, ஏழே கால். எப்படிச் சொல்றீங்க?"

"அட மகராசா!" என்றாள் அண்ணி. வாய் சிரித்தது, கண் நிறைந்துவிட்டது. "தலையில இருக்கறது நாலு முடி. அதுக்கு மாசாமாசம் ஒரு மணி நேரம் முடிவெட்டு! ஆறு வருஷமா நானும் நம்பியிருக்கேன் பாருங்க!"

*

அனுப்பியவர் தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார் அதிகாரி. ஸ்பீக்கரில் போட்டார்கள். வீட்டுக்காரர் ஏதோ கட்டிடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி நின்றிருந்தார். ஒரு வார்த்தை பேசினால் மூணு வார்த்தையாக எதிரொலித்தது.

அதிகாரி விஷயத்தைச் சொல்லிக் கேட்டார்.

"நானா? காத்துக் காசா? எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார் வீட்டுக்காரர். தெரியாதுங்க, தெரியாதுங்க என்று குழியும் சேர்ந்து சொன்னது.

"என்னங்க, நான்தான். விளையாடாதீங்க."

வீட்டுக்காரர் குரலை இறக்கினார். "அவன் பக்கத்துல இருக்கானா?"

"வெளியில இருக்கான்."

"கதவு மூடியிருக்கா?"

"மூடியிருக்குங்க! சீக்கிரம்! இப்ப நீங்க சொல்லலன்னா பணத்தை நிறுத்திடுவாங்க. கடை போயிடும்!"

"போயிடுமா?" குரல் மாறிவிட்டது. "அம்மா, ஆபீசரம்மா, நான்தாங்க. எல்லாம் நான்தான் கட்டினேன். அந்தத் தாளு இப்பவும் என் பர்ஸுல இருக்கு. நாலா மடிச்சு, ஓரமெல்லாம் கிழிஞ்சு போச்சு. ரீசார்ஜ் கடைப் பையன்கிட்டக் காட்டுவேன், அவன் ஏத்திவிடுவான். புதுச் சட்டம் வந்ததுல இருந்து முடியாதுன்னுட்டான்."

"நம்பிக்கை இல்லன்னு சண்டை போட்டுட்டு, ஏன் கட்டினீங்க?" என்று கேட்டார் அதிகாரி. அந்தக் கேள்வி அவர் படிவத்தில் இல்லை என்பது அண்ணிக்கு நன்றாகத் தெரிந்தது.

"அந்தக் காசு மேல எனக்கு இப்பவும் நம்பிக்கை இல்லங்க. போனாப் போகுதுன்னுதான் கட்டினேன். பதினேழு வயசுல அந்தப் பையன் டீ குடிக்காம சேர்த்த காசுங்க அது. என் வாய்க்கொழுப்புல அவன் பாதியில நிறுத்திட்டான். மன்னிப்புக் கேக்க எனக்கு வாய் வரல. அதான் அவன் விட்ட இடத்துல இருந்து நான் போட்டேன்."

அதிகாரி மூக்கைச் சிந்தினார். ஜலதோஷம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. பிறகு திரையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு வருஷத்துக்கு முன்னால ரெண்டு மாசம் மட்டும் நாள் மாறியிருக்கே? செவ்வாய்க்கிழமை, காலையில பதினொரு மணி?" என்றார்.

"அது நான் இல்லங்க. எப்பவும் சனிக்கிழமைதான். கால் உடைஞ்ச ரெண்டு மாசம் மட்டும் விட்டுப்போச்சு. நான் எங்க போக? கட்டிலை விட்டே இறங்கல."

அண்ணியும் அதிகாரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ரெண்டு மாசமும் காசு வந்திருந்தது. அதே கடை, அதே தொகை.

"சரி, ரெண்டுதானே" என்று ரப்பர் ஸ்டாம்பை எடுத்தார் அதிகாரி. "அந்த ரெண்டை மட்டும் நிறுத்தி வெக்கறேன். யாருன்னு தெரிஞ்சா வந்து சொல்லுங்க. எழுபதுக்கும் கையெழுத்துப் போட்டுடறேன்."

அப்போதுதான் கதவு திறந்தது. பலகைத் தடுப்பு எவ்வளவு மெல்லியது என்றும், லிஃப்ட் குழியின் எதிரொலி எவ்வளவு தூரம் போகும் என்றும் யாரும் யோசித்திருக்கவில்லை. சின்னவன் நின்றிருந்தான். சட்டைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்ததில் மூக்கில் கிரீஸ் ஒட்டியிருந்தது. உள்ளே வரக் கூடாது என்பது ரூல். அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மும்முரமாகத் தும்மினார்.

சின்னவன் போனை நோக்கிக் குனிந்தான். ஆறு வருஷத்துப் பேச்சில் எதை முதலில் எடுப்பது?

"அண்ணா."

குழிக்குள் ஸ்பேனர் விழுந்த சத்தம் கேட்டது.

"அண்ணா, அந்தக் கடை ஷட்டர் துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு. நான் ஒருத்தனா தூக்க முடியல. சாயங்காலம் வர்றியா?"

குழிக்குள்ளிருந்து ஒரு செருமல்.

"அஞ்சு மணிக்குத்தானே? கிரீஸ் எடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் நீ அதைப் போட்டு இழுக்காத, இடுப்பு பிடிச்சுக்கும்."

அண்ணி கைப்பையைத் திறந்து எதையோ வெகுநேரம் தேடினாள். உள்ளே தேட ஒன்றுமில்லை. அழுதுகொண்டே சிரிப்பது அவளுக்குப் பிடிக்காது, மாணவர்கள் பார்த்தால் மரியாதை போய்விடும்.

கிளம்பும்போது அதிகாரி அவளை மட்டும் கூப்பிட்டார். "ஏம்மா, நாப்பத்தாறு வயசுல கார் ஓட்டக் கத்துக்கலாமா?"

"தாராளமா! திங்கட்கிழமை காலையில ஆறரைக்கு வந்துடுங்க மேடம்" என்றாள் அண்ணி. "கண்ணாடி பார்க்கறது மட்டும் நான் சொல்லித்தர மாட்டேன்."

*

பணப்பையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சின்னவன் கடைக்கு ஓடினான். அண்ணி அவனை இறக்கிவிட்டு, வாசலில் நின்ற போன் கவர்காரனின் முகம் சுருங்குவதைக் கண்குளிரப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். அஞ்சு மணிக்குள் குளித்து உடை மாற்றி, ஷட்டர் தூக்குவதைப் பார்க்கப் போக வேண்டும். அந்த ரெண்டு செவ்வாய்க்கிழமை விஷயத்தை இப்போதைக்கு யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தாள். நல்ல நாளும் அதுவுமாக எதற்குக் குழப்பம்?

மாமா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரேடியோ பாடியது.

"மாமா! கடை நம்மளது ஆயிடுச்சு!"

"ஆங்?"

"கடை! நம்மளது!"

"ஏம்மா கத்தற? கேக்குது."

அண்ணி சமையலறைக்குள் தண்ணீர் பிடித்தபடியே, முடிவெட்டில் ஆரம்பித்து, நாலாக மடித்த தாள், லிஃப்ட் குழி, ஷட்டர் என்று மூச்சுவிடாமல் கொட்டினாள். மாமா ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. பட்டாணி மட்டும் ஒரே சீராகக் கிண்ணத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"ரெண்டு பேரும் பேசிட்டாங்களா?" என்று கேட்டார் கடைசியில்.

"பேசிட்டாங்க மாமா!"

"நல்லது." இன்னும் இரண்டு காய் உரித்தார். "ஏம்மா, பெரியவன் மாவுக்கட்டுப் போட்டிருந்தானே, அந்த ரெண்டு மாசக் காசும் ஒழுங்கா வந்து சேர்ந்துச்சா?"

"வந்துச்சு மாமா, செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு..." என்று சொல்லிக்கொண்டே வந்த அண்ணி, குழாயை மூடினாள். தம்ளர் கையிலேயே இருந்தது. மெதுவாகத் திரும்பி ஜன்னலோரம் பார்த்தாள்.

மாமா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.